பைப்புச் சத்தம் நின்றுவிட்டது

சேசு மரி சூசை துணை
கொடைக்கானல்

அன்பு மகள் ஃபெமினாவுக்கு உன் தாய்மாமன் ஞானமுத்து ஆசீர் சொல்லி எழுதுவது. அயர்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு, ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நடுவில் நேரத்துக்குச் சாப்பிட்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், பூனை சுகம். உன் அம்மாவைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கொஞ்சம் பொறு, மாமா முறையாக வருகிறேன்.

நம் பங்களாவின் பைப்புச் சத்தத்தை நிறுத்திவிட்டேன். வெள்ளைக்காரன் காலத்தில் அடுக்களை பாய்லரிலிருந்து குளிர்காய அறைக்கு அறை சுடுதண்ணீர்ப் பைப்பு ஓட்டிக் கட்டிய வீடு, காவலுக்கென்று நாம் பின்கட்டில் குடியேறிய நாளிலிருந்தே அது தட்டும், உனக்குத் தெரியாததா. இந்த வருஷம் அடித்த அடியில் மலையில் யாரோ வெடி வைக்கிறார்கள் என்று கீழே வெள்ளகவி ஊர்க்காரர்கள் கூட்டமாக ஏறி வந்துவிட்டார்கள். அக்கா தூங்கவேண்டுமே என்று நானே இறங்கினேன், பாய்லருக்கு நாடி பிடிக்கத் தெரிந்தவன் இந்த மலையில் நான் ஒருவன்தானே. பைப்பு போய்ச் சேர்ந்து அறையைச் சூடாக்குகிற ஒவ்வொரு ரேடியேட்டரின் மூலையிலும் இருக்கிற சின்னத் திருகைத் திறந்து உள்ளே அடைபட்ட காற்றை விட்டேன், யானை பெருமூச்சு விட்ட மாதிரி வந்து ஜன்னல் திரையெல்லாம் பறந்தது. தண்ணீர் சொட்டியதும் மூடினேன். தரைப்பலகையைப் பெயர்த்தால், பைப்பு சூடேறி நீளும்போது மரச்சட்டத்தில் உரசி உரசி இடிக்கிறது. என் பழைய கம்பளியைக் கிழித்து உரசுகிற இடத்திலெல்லாம் சுற்றி, பைப்பை இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்பையும் கொஞ்சம் தளர்த்தினேன். உன் வாடகை வீட்டுப் பைப்பும் தட்டுகிறது என்றாயே, நீயும் இப்படியே செய், ஆனால் பாய்லரை அணைத்து ஆறவிட்டு, கீழே கிண்ணம் வைத்துத் திற, கையைச் சுட்டுக்கொள்ளாதே.

மறுபடி பாய்லரைப் பற்றவைத்தேன், ஒரு பொட்டுச் சத்தமில்லை, மலைக்கு அந்தப்பக்கம் பூம்பாறையில் பூண்டு உரிப்பது இங்கே கேட்கும், அப்படி ஒரு அமைதி. அக்கா மெச்சுவாள் என்று போய் நின்றால் அவள் அழுகிறாள். ஏலே, ஒன்ன யாருலே அதச் சரி பண்ணச் சொன்னா, ஞாயித்துக்கிழம புள்ள போன் பண்ணுவாளே, நான் என்னத்தச் சொல்லுவேன் என்றாள். அப்போதுதான் அவள் மூச்சு என் காதில் விழுந்தது. ஈரத்தில் எதையோ இழுத்துக்கொண்டு போகிற மாதிரி, உள்ளே ஒரு சத்தம், வெளியே ஒரு சத்தம். நீ கூப்பிடுகிற நேரம் பார்த்து, நல்ல வெயிலடிக்கும்போதுகூட, குளுருதுலே, வெரசா பாய்லரப் பத்த வை என்பாளே, குளிருக்கு என்றுதான் நானும் விறகை அள்ளிப் போட்டேன். என்னம்மா அது சத்தம் என்று நீ கேட்பாய், பைப்புடி, ஒன் மாமன்ட்டச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு என்று சொல்லி அவள் சிரிப்பாள், பக்கத்தில் நின்று நானும் சிரிப்பேன்.

மறுநாள் வெள்ளனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காலமெல்லாம் விறகடுப்புப் புகை குடித்த நெஞ்சு என்றார் டாக்டரம்மா. என்னைத் தனியாக அழைத்து, மகள் இருந்தா வரச்சொல்லிருங்க, தள்ளிப் போடாதீங்க என்றார். இந்த மாமன் எதையும் கூட்டித்தான் சொல்வான் என்று உனக்குத் தெரியும், இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை மகளே. அவகிட்டச் சொல்லாதலே, இப்பத்தான் வேலையில சேந்திருக்கா, லீவு கேட்டா வேல போயிரும் என்று, வீட்டுக்கு வந்ததிலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். சுற்றிய கம்பளியை உருவிப் போட்டு மறுபடி தட்டவிடு என்கிறாள். அது என்னால் முடியாது என்றேன். எந்த வேலையையும் முடியாது என்று நான் சொன்னதில்லை, இதுதான் முதல்.

போனில் சொன்னால் அவள் காதில் விழும், நீயும் உடனே அழுதுகொண்டு அவளைக் கூப்பிடுவாய், அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்புகிற டிக்சன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். வரும்போது ஸ்வெட்டரை மறக்காதே, மலையில் பனி இறங்கிவிட்டது. மாதா உன்னைக் கைப்பிடித்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அந்தச் சத்தம் கேட்கும். பைப்புடி என்பாள். ஆமாம்மா என்று சொல். ஆனால் டிக்கெட் போட்டுவிட்டுப் பேசு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
மாமன் ஞானமுத்து