நான் ரிஜெக்ட் போட்ட மட்டை

இன்று காலை மட்டையை உறையிலிருந்து உருவியதும் அந்தச் சிவப்புப் பெயிண்ட் கண்ணில் பட்டது. இரும்புத் தலையின் பின்பக்கம், கட்டைவிரல் அகலத்துக்கு நான் இழுத்த கோடு. இத்தனை அடி வாங்கியும் உரியவில்லை. உடனே எரிச்சல் வந்தது, உன்மேல்தான். வேறு யார்மேல் வரும்?

பாடியில் நம் கம்பெனிக்கு கால்ஃப் மட்டைத் தலைகள் சாம்பிள் ஆர்டராக வந்தன. மெஷினை செட் செய்தவன் நீ. அளந்து பார்த்து, பந்தில் படும் முகத்தின் சாய்வு கால் டிகிரி கூடுதல் என்று அத்தனையிலும் சிவப்புப் பூசிக் கழித்துக்கட்டியவன் நான். ஆர்டர் கைநழுவியது. நீ சண்டைக்கு வருவாய் என்று பார்த்தால், மேனேஜரைக் கேட்டு அதில் ஒன்றை வாங்கி, எங்கிருந்தோ ஒரு தண்டு பிடித்து மாட்டிக்கொண்டு வந்து நின்றாய். "வா மச்சான், இத்த வச்சிகினு இன்னாதான் பண்றாங்கன்னு பாத்துனு வர்லாம்."

திருமழிசை தாண்டி இருக்கும் டிரைவிங் ரேஞ்சுக்கு அப்படித்தான் போனோம். வரிசையாக நின்று புல்வெளியைப் பார்த்துப் பந்தடித்துப் பழகும் இடம். காரில் வந்து இறங்குகிறவர்கள் நடுவே நாம் இருவர், ஒரு பைக், ஒரு மட்டை. ஒரு கூடை நிறையப் பந்து வாங்கி ஆளுக்கு ஐந்தாக மாற்றி மாற்றி அடித்தோம். அதற்கப்புறம் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை.

என் பந்து வலப்பக்கம் ஓடினால் பிடியை மாற்றுவேன். அடுத்தது இடப்பக்கம் ஓடினால் காலை நகர்த்துவேன். நீ கத்துவாய்: "ஒரு பீஸ் தப்பாச்சுன்னா ஒடனே செட்டிங்ல கைய வப்பியா? அஞ்சு பீஸ் ஓட்டிப் பாரு, அப்பால தொடு." புதிதாகச் சேர்ந்த ஆபரேட்டர்களிடமும் இதைத்தான் சொல்வாய். ஒவ்வொரு பீசுக்கும் திருகிக்கொண்டே இருந்தால் நல்ல மெஷினும் கெட்டுப்போகும் என்பாய்.

இன்று தனியாகப் போனேன். படுகேவலம். ஒரு பந்து தவளை மாதிரி நாலடி தத்தி நின்றது. இன்னொன்று தடுப்புக் கம்பியில் பட்டு என் காலுக்கே திரும்பி வந்தது. பக்கத்தில் நின்றவர் சும்மா இருந்தாரா? தலையைத் தூக்காதீங்க சார், முழங்கையை மடக்காதீங்க சார். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நானும் ஒன்றை மாற்றினேன். கடைசியில் மட்டையைத் தரையில் ஓங்கி அடித்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த வயதில் அந்த அசிங்கமும் பட்டாயிற்று.

கூடையில் பத்துப் பந்து மிச்சம். சரி, நீ சொன்னதையும்தான் பார்ப்போம் என்று எதையும் மாற்றாமல் ஐந்து அடித்தேன். முதல் மூன்றும் குப்பை. நான்காவது பரவாயில்லை. ஐந்தாவது நேராக எழும்பிப் போய் தூரத்துப் பலகைக்கு முன்னால் விழுந்தது. நீ சொன்னது சரி என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏனென்றால் அதே வார்த்தையைச் சொல்லித்தானே நீ போனாய். கடைசி ஞாயிறு, பந்தை வைக்கக் குனிந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். வேர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரி என்று நான் வாயெடுத்ததும் சிரித்தாய். "ஒரு பீசுக்கா மிஷின நிறுத்துவாங்க? ஊட்ல சொல்லி வைக்காதே." கால் டிகிரிக்காக ஆர்டரையே தொலைத்தவன் நான், அன்று வாயைப் பொத்திக்கொண்டு உன்னை வீட்டில் இறக்கிவிட்டேன். அடுத்த ஞாயிறுக்கு நீ இல்லை. மனுஷ உடம்பு என்ன லேத்தா?

மீதி ஐந்து பந்தும் உன் முறை. கூடையோடு வைத்துவிட்டு நேராக மேனாம்பேடு போனேன், உன் வீட்டுக்கு. உன் மனைவி குழாயடியில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் சொல்லாததைச் சொன்னேன். "அவனுக்கு முன்னாடியே ஒரு தடவை வலி வந்துச்சும்மா. எனக்குத் தெரியும். உன்கிட்ட மறைச்சிட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் குழாயை மூடினாள். "என்னாண்டயும் அதான்ணா. அவரு தவறின வாரம், பொதங்கெழம வேலைக்குக் கெளம்பும்போது படியாண்ட உக்காந்துகினாரு. ஒரு பீசுதான், அண்ணனாண்ட சொல்லாதன்னாரு. நானும் சொல்லல."

எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. ஆளுக்கு ஒரு பீஸைக் காட்டி இரண்டு பேர் வாயையும் அடைத்திருக்கிறாய். உள்ளே சுவரில் தெரிந்த உன் போட்டோவைப் பார்த்து "திருட்டுப் பயலே" என்று கத்திவிட்டேன். அவள் சிரித்தாள், பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

அளந்து பார்த்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். பந்துக்கு உன் பேச்சு பாஸ். இந்த மட்டை இருக்கும்வரை அதை விடமாட்டேன். உடம்புக்கு அது ரிஜெக்ட், சிவப்புப் பூசியாகிவிட்டது.

கிளம்பும்போது உன் மனைவி இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டதைப் பார்த்தேன். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணா, காத்தால ஒரே ஒரு தபா சுருக்குன்னுச்சு" என்றாள்.

"மீன் அப்படியே இருக்கட்டும், செருப்பப் போடு" என்றேன்.