வாய்தா இல்லாத மாதம்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், அதைப் பொய்யாக்கிவிடாதே.

உன் ஆராய்ச்சிக்காக, ஹைகோர்ட்டில் சாதாரண ஜனங்கள் எப்படி இருந்தார்கள் என்று எழுதச் சொல்லியிருந்தாய். நீதிபதிகள் பேசியதெல்லாம் உன் புத்தகங்களிலேயே இருக்கும், எனக்குத் தெரிந்தது வராந்தாதான். நம் வீட்டு வழக்குக்காக நான் அப்பாவோடு போக ஆரம்பித்தபோது வக்கீல்களுக்கு நாற்காலி, குமாஸ்தாக்களுக்கு ஸ்டூல், வழக்குக்கு வந்தவர்களுக்குச் சுவர். பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. நானும் உன் அத்தையும் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் நிற்போம், எதிர்க்கட்சி என்றாலும் அந்த அவஸ்தையில் இரண்டு பேரும் ஒரே கட்சி. ஒரு பெண் நீதிபதி வந்த பிறகுதான் மாடிப்படிக்குக் கீழே ஒன்று கட்டினார்கள். அவர் எழுதிய தீர்ப்பெல்லாம் எனக்குத் தெரியாது, அந்த ஒன்றுக்காக அவரை இன்றைக்கும் வாழ்த்துகிறேன், இதை நீ அவசியம் எழுது. பெஞ்சு போட்டது அதற்கும் பிறகு. விவாகரத்துக்கு வந்தவர்கள் அதில் ஒரே பிள்ளையை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், எனக்குப் பார்க்கவே முடியாது.

நாம் இருக்கிற வீடு உன் தாத்தா கட்டியது, அதில் எனக்கும் பாதி உண்டு என்று அத்தை தம்பி மேலேயே வழக்குப் போட்டதிலிருந்து இங்கே அவர் பேச்சை எடுக்கக் கூடாது. எடுத்தால் உங்கப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாய்தா வந்தால் மட்டும், அக்காவுக்கு பிரஷர், கேரியர்ல ஒரு அடுக்கு உப்புக் கம்மியா வை என்பார். எதிராளிக்கும் நான்தான் சமையல்காரி. இரண்டு பேரும் அந்தப் பெஞ்சில் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள், கேஸைக் கூப்பிட்டதும் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். அதோடு சரி, அடுத்த வாய்தா வரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

போன மாதம் தீர்ப்பு வந்துவிட்டது. பாதி அத்தைக்கு. வந்து படுத்த அப்பா எழுந்திருக்கவே இல்லை. தோற்ற வருத்தமாக்கும் என்று நினைத்து, கூடப்பிறந்தவளுக்குத்தானே போகிறது என்று தேற்றினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, பாதி போனா போகுது, இனிமே அவளை எங்கே போய்ப் பார்க்கிறது என்றார். ஜெயித்தவரிடமிருந்தும் ஒரு சத்தம் இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை கேரியரைக் கட்டி எடுத்துக்கொண்டு, அப்பாவையும் இழுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். தெருமுனை வரைக்கும் வந்தவர், கூப்பிடாம எப்படி வர்றது என்று விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் போய்க் கதவைத் தட்டினேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் விடுவிடுவென்று வாசலுக்கு வந்து, கோர்ட் டவாலி கூப்பிடுகிற அதே ராகத்தில், அப்பாவைச் சின்ன வயதில் கூப்பிட்ட செல்லப் பெயரால், குண்டா, குண்டா, குண்டா என்று மூன்று தடவை கூப்பிட்டார். தெருவே எட்டிப் பார்த்தது. உங்கப்பா இந்த வயதில் கையைத் தூக்கிக்கொண்டு, இருக்கேன் அக்கா, இருக்கேன் என்று ஓடி வந்தார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அத்தை தன் பாதியை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்துவிடாதே. விடறதுக்கா இத்தனை வருஷம் தண்ணி குடிக்காம நின்னேன் என்று கேட்டுவிட்டார். அடுத்த வாரம் பெட்டி படுக்கையோடு வருகிறார். மாடி அவர் பங்கு. உன் அறை மாடியில்தானே இருக்கிறது, எனக்கு அதுதான் உறுத்தியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, அவ கட்டில் அங்கேயே இருக்கட்டும், நான் முன் அறையில படுத்துக்கறேன், அவ வரும்போது மட்டும் என்னைக் கேட்டுட்டு வரச் சொல்லு என்றார்.

நீ எடுத்த படிப்பை நல்லபடியாக முடித்து, குறையில்லாமல் இருக்க வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது. குளிருக்குக் காதை மூடிக்கொள். மறக்காமல் அத்தைக்குப் போன் போட்டு, வரட்டுமா என்று கேள். இல்லை என்று சொல்லவே மாட்டார், நீ கேட்க வேண்டும் என்றுதான் காத்துக்கொண்டிருக்கிறார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா