சீனி வருத்தத்துக்கு நான் விற்ற கஷாயம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று பகல் எல்கடுவ தேயிலைத் தோட்டத்திலிருந்து அந்த அக்கா மறுபடியும் எங்கள் ஸ்பைஸ் கார்டனுக்கு வந்தார். போன மாதம் புருஷனின் சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, என்னிடம் கஷாயம் வாங்கிப் போனவர். இன்னொரு போத்தல் எடுத்துக் கொடுத்து, "இப்ப எப்படி இருக்காரு?" என்றேன்.

"கால் புண்ணுதான் ஆறல. மாத்திரையத்தான் நிப்பாட்டிட்டோமே."

"யாரு நிப்பாட்டச் சொன்னது?"

"நீங்கதான். இதக் குடிச்சா டாக்டரு வேலய விட்டுட்டு கொழுந்து பறிக்கப் போவாருன்னு சொன்னீங்களே."

சொன்னேன்தான். வருகிற எல்லோரிடமும் சொல்வேன். சிரித்தால் வாங்குவார்கள். முதலாளி அதற்காகத்தான் என்னை அங்கே நிறுத்தியிருக்கிறார்.

முதலாளி காதில் விழாமல் அக்காவை வெளியே கூட்டிப் போனேன். "இதுல சீனி போகாதுக்கா. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டி காலயே எடுத்துருவாங்க."

அக்கா என் தோளில் தட்டிச் சிரித்தார். "போங்க, ஒங்களுக்கு எப்பவும் வெளயாட்டுதான்."

பஸ் வந்தது. போத்தலோடு ஏறிவிட்டார். உரக்கக் கத்திச் சொல்லியிருக்கலாம். அதற்குள் முதலாளி வாசலுக்கு வந்து நின்றார்.

நாளைக்கு லீவு கேட்டால் ஏனென்று கேட்பார். என்ன சொல்வதோ தெரியவில்லை. எல்கடுவக்குப் போய் விசாரித்தால் அக்கா குடியிருக்கும் லயத்து வீட்டைக் காட்டுவார்கள். அக்காவின் புருஷன் முன்னால் சிரிக்காமல் நின்று சொல்ல வேண்டும். இப்போது கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். இந்த மூஞ்சியை நானே நம்பமாட்டேன்.