மெஷினில் ஏறாத கால்

என்னங்க என்று கூப்பிட்டால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும் என் மனிதருக்கு,

முதலில் நல்ல சேதி. நம் கயல் பெர்மனன்ட் ஆகிவிட்டாள். ஒன்பது வருடம் கான்ட்ராக்ட்டில் கிடந்த பெண், நீங்கள் போய் இரண்டு வருடம் கழித்து ஆர்டரை வாங்கிக்கொண்டு வந்தாள். உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். பண்ருட்டியிலிருந்து இரண்டு பலாப்பழம் வரவழைத்தேன். நானே கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்து வரிசை வீடு அத்தனைக்கும் கொடுத்தேன். இப்போது அவளுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறோம். வாசலில் வேம்பு, பின்னால் முருங்கை. உங்களுக்குப் பிடிக்கும்.

இரண்டாவது சேதிக்காகத்தான் இந்தக் கடிதம். நீங்கள் கடைசி வரைக்கும் காத்திருந்த அந்த வேலையை, என்னால் அவள் விடப் பார்த்தாள்.

உங்கள் கால் கதையிலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும். முப்பத்தோரு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வாரும் பக்கெட் வீல் மெஷினில் வேலை பார்த்தீர்கள். ரிட்டையர் ஆன பிறகு உள்ளங்காலில் எந்நேரமும் கிர்ரென்று இருக்கிறது, ஊசி குத்துகிறது என்பீர்கள். "மெஷின வுட்டு நான் எறங்கிட்டேன், மெஷினு என்ன வுட்டு எறங்கல. கால்ல ஓடிக்கினே இருக்குது" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். அதே மெஷினில் உங்களோடு இருந்த ரஹமத் பாயும் அதையே சொல்வார். உங்கள் கூட்டாளிகளில் யாரைக் கேட்டாலும் அதே பதில்தான். நானும் நம்பினேன். அதில் உங்களுக்கெல்லாம் ஒரு பெருமையும் இருந்தது, இல்லையா?

போன ஆடியில் என் உள்ளங்காலிலும் கிர்ரென்று ஆரம்பித்தது. வயதாகிறது, வேறென்ன என்று விட்டுவிட்டேன்.

பிறகு மறதி வந்தது. இந்த ஊர் குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது என்று உங்களுக்குத் தெரியுமே. ஒருநாள் காலை கடைக்குப் போய்த் திரும்பியவள், நேரே வீட்டுக்குள் போனேன், செருப்பைக் கழற்றினேன், அடுப்பில் கொதித்த சாம்பாரைக் கரண்டியில் எடுத்து உப்புப் பார்த்தேன். கம்மியாக இருந்தது, அள்ளிப் போட்டேன். குளித்துவிட்டு வந்த ஒரு பெண் "யாரும்மா நீங்க?" என்று அலறிய பிறகுதான் தெரிந்தது, அது நம் வீடு இல்லை. நம் பிளாக்கே இல்லை. விஷயம் தெரிந்து எங்கள் தெருவே சிரித்தது. கயல் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் கேஸைத் திறந்துவிட்டுப் பற்ற வைக்காமல் போய்ப் படுத்துவிட்டேன். அதற்கும் அடுத்து உங்கள் திதி வந்தது. எனக்கு நினைவே இல்லை. நாற்பது வருடம் உங்களோடு வாழ்ந்தவள் உங்கள் திதியை மறந்துவிட்டேன் என்றால் நம்புவீர்களா?

அன்று சாயங்காலம் கயல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, நான் வேலைய விட்டுடறேன். உன்ன தனியா விட்டுட்டு என்னால ஷிஃப்ட்டுக்குப் போக முடியல. ஒர்க்‌ஷாப்ல நிக்கிறேன், மனசெல்லாம் இங்கதான் இருக்கு." கோவையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையும் போனில் சரி என்று சொல்லிவிட்டாராம். ராஜினாமாக் கடிதத்தை எழுதி ஹேண்ட்பேக்கில் வைத்திருந்தாள். மாதக் கடைசியில் கொடுப்பதாக இருந்தாள்.

என் மண்டை என் கையில் இல்லை. அதைவிட என் பெண்ணின் பிழைப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறேனே என்றுதான் குமுறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ரஹமத் பாய் முந்திரி வாங்கிக்கொண்டு வந்தார். கால் எப்படி இருக்கிறது அண்ணி என்று கேட்டார். கிர்ரென்று இருக்கிறது, சில நேரம் தரையே தெரியவில்லை என்றேன்.

"அது ஒண்ணுமில்ல அண்ணி. மெஷின் அதிர்வு. முப்பது வருஷம் நின்ன காலு, அவ்வளவு லேசுல போகுமா…" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். என் காலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "அண்ணி, நீங்க எப்ப மெஷின்ல ஏறினீங்க?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. நான் சுரங்கத்தையே மேட்டிலிருந்துதான் பார்த்தவள்! என் காலுக்குள் எப்படி மெஷின் ஓடும்?

மறுநாளே கயலோடு பஸ் ஏறிப் பண்ருட்டி போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா. நான் மெஷின் கதையைச் சொன்னதும் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அடுத்த நிமிடமே கேள்வி மேல் கேள்வி. சுகர் மாத்திரை எத்தனை வருஷமா? பதினோரு வருஷம், மெட்ஃபார்மின், இரண்டு வேளை. கேஸ் மாத்திரை? தினமும் காலையில். கறி, மீன், முட்டை? வடலூரில் ஜோதி பார்த்துவிட்டு வந்த வருடம் நீங்கள் விட்டீர்கள், ஒரே அடுப்பில் இரண்டு சமையல் எதற்கு என்று நானும் விட்டேன். பால், தயிர்? சுகர் வந்ததும் அதையும் குறைத்துக் குறைத்து, பால் இல்லாத டீயில் வந்து நின்றுவிட்டது.

"நாக்க நீட்டுங்க" என்றார். பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு இரண்டு பல் வைத்த ஒரு சின்ன இரும்புக் கவையைத் தட்டி என் கால் பெருவிரலில் வைத்தார். "அதிருதாம்மா?" எதுவும் தெரியவில்லை. அதையே மணிக்கட்டில் வைத்தபோது, ஆத்தாடி, எலும்புக்குள் ரீங்காரம். நாளெல்லாம் அதிர்வு அதிர்வு என்று புலம்பிய கால் இருக்கிறதே, நிஜ அதிர்வு வந்து தொட்டபோது அதற்குத் தெரியவில்லை.

ரத்தத்தில் பி12 அடிமட்டத்தில் இருந்தது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "சுகர் மாத்திரைய நிறுத்திடாதீங்க, அது நல்ல மாத்திரை. ஆனா வருஷக் கணக்குல சாப்பிடறப்ப சில பேருக்கு இந்த பி12 சத்து உடம்புல சேர்றத அது குறைச்சிடும். கேஸ் மாத்திரையும் கூடவே சேர்ந்தா இன்னும் கொஞ்சம். நீங்க சாப்பாட்டுலயும் விட்டுட்டீங்க. நரம்பும் மூளையும் பட்டினி கெடக்குது." முட்டை சாப்பிடச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அதெல்லாம் வேண்டாம், ஊசியே போதும், மோர் மட்டும் குடியுங்கள் என்று விட்டார்.

அந்த ஊசி மருந்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குங்குமத்தைக் கரைத்தது மாதிரி சிவப்பு. ஏன் இப்படி என்று கேட்டேன். அதற்குள் கோபால்ட் என்று ஓர் உலோகம் இருக்கிறதாம். பூமிக்கடியில் இருப்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி என்று பீற்றிக்கொள்வீர்களே, நம் உடம்புக்குள்ளும் ஓர் உலோகம் இருந்து வேலை செய்கிறது என்று ஒருநாளாவது சொன்னீர்களா?

இன்னும் கேளுங்கள். இந்தச் சத்தை மரம் செடி செய்யாதாம், மாடு செய்யாதாம், மனிதன் செய்யவே மாட்டானாம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் மட்டும்தான் செய்கின்றன. மாட்டின் வயிற்றில் இருக்கும் கிருமி செய்ததைத்தான் நாம் பாலில் குடிக்கிறோம். ஒரு மனிதனுக்குப் பிறப்பு முதல் இறப்பு வரை தேவைப்படுவது மொத்தமும் ஒரு கல் உப்பு அளவுக்கு மேல் இருக்காதாம். அதிலும் மிச்சம் பிடித்து, ஈரல் பல வருடத்துக்குச் சேர்த்து வைக்கிறதாம். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு மலையையே வாரிப் போடும் மெஷினைப் பார்த்து வாய்பிளந்த ஊர் நம் ஊர். ஆனால் அந்த ஒரு கல் உப்பு குறைந்தால், மெஷினை ஓட்டியவருக்கு அவர் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி, பிறகு வாரம் ஒன்று. நாக்கில் ருசிதான் முதலில் திரும்பியது. புளிக்குழம்பு புளித்தது! பிறகு ஊர், பேர், போன வாரம் யார் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. கயலின் முதல் மாதக் கான்ட்ராக்ட் சம்பளத்தில் நீங்கள் வாங்கிய சட்டையின் நிறம்கூட வந்தது. அதைச் சொன்னதும் கயல் ஹேண்ட்பேக்கைத் திறந்து, கொடுக்காமல் தள்ளிப்போட்டிருந்த அந்த ராஜினாமாக் கடிதத்தை எடுத்தாள். "இத என்ன பண்ணலாம்?" என்று என்னையே கேட்டாள். நான் வாங்கி நாலாகக் கிழித்தேன். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினாள். கால் இன்னும் முழுதாகத் தேறவில்லை, மாதக்கணக்கில் ஆகும் என்றிருக்கிறார் டாக்டரம்மா. ஆகட்டும்.

ரஹமத் பாயையும் பரிசோதிக்கச் சொன்னேன். "நான் வாராவாரம் பிரியாணி சாப்பிடறவன் அண்ணி, எனக்கா?" என்றார். அவருக்கும் குறைச்சல்தான். அவரும் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர், பதினாறு வருடமாக.

நீங்களும் அதே சுகர் மாத்திரையைத்தானே வருடக்கணக்கில் சாப்பிட்டீர்கள், உங்களுக்கும் இதுதானா? அதையும் கேட்டேன். "சுகரே நரம்பக் கெடுக்கும்மா. அவருக்கு எதுன்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. உங்களைக் கொண்டுபோனது இதயம்தான், கால் இல்லை, தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

ஏனென்றால் ஒன்று இருக்கிறது, கயலுக்குக்கூடச் சொல்லாதது. உங்கள் கடைசி வருடம், மெயின் பஜாரில், நீங்கள் காலை அகட்டி அகட்டி வைத்துத் தள்ளாடி வந்தீர்கள். ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது, அது தெரியாமலே நடந்தீர்கள். நாலு பேர் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. "குடிச்சவன் மாதிரி நடக்கறீங்களே, அசிங்கமா இல்ல?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர் நீங்கள். திரும்பிப் போய் அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு என் பின்னால் வந்தீர்கள்.

என்னை மன்னித்துவிடுங்கள்.

இப்போது தெருவில் யார் தள்ளாடினாலும் கிட்டே போய்க் கேட்கிறேன். முதலில் கேட்ட ஆள் நிஜமாகவே குடித்திருந்தார், எனக்குத் திட்டு கிடைத்தது. ஆனால் நேற்று பஸ் ஸ்டாண்டில் ஒருவர் தூணைப் பிடித்துப் பிடித்து வந்தார். பெண்களெல்லாம் முகத்தைச் சுளித்து விலகினார்கள். நான் போய், "ஐயா, சுகர் மாத்திரை எத்தனை வருஷமா சாப்பிடறீங்க?" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "பதிமூணு வருஷம்மா. நான் குடிகாரன் இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எப்படித் தெரிந்தது என்று சொல்ல, உங்கள் பெயரைச் சொல்லி அந்தச் செருப்புக் கதையைத்தான் சொன்னேன். என் கால் நடக்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பேன், இது சத்தியம்.

உங்களைக் கைப்பிடித்து நடத்தியிருக்க வேண்டியவள்,
உங்கள் மனைவி வசந்தா