மாதா போட்ட பிரேக்

ஜூலை 27, ஞாயிறு

இன்றும் மலை ஏற்றத்தில் எங்கள் சைக்கிள் குழுவில் எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். எதில்மா போகிற போக்கில் என் முதுகில் தட்டி, "மெதுவா வாங்க மகராசி, கிறிஸ்துமஸுக்குள்ள வந்துருவீங்க" என்றாள். அவள் வாய்க்கு ஒரு பிரேக் இல்லை. ஆகஸ்ட் பத்தாம் தேதி மலைச்சுற்றில் முதலில் வரும் நான்கு பெண்களைத்தான் குழுவிலிருந்து துயித்தாமா நகரப் பந்தயத்துக்கு அனுப்புவார்கள். போன மாதம் வரை நான் மூன்றாவது. இப்போது கடைசி. நாற்பத்து நான்கு வயது இவ்வளவு திடீரென்றா வரும்?

ஜூலை 28

என் வீட்டுக்காரர் அபெலார்தோ தன் பால் லாரியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "வயசான மாடு மேட்டுல ஏறாது நூபியா. சைக்கிளை வித்துருங்க."

சோள அரெப்பா ரொட்டியில் தீய்ந்ததாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தேன்.

ஜூலை 30

சந்தேகம் வந்து முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். அரைச் சுற்று போய் நின்றுவிட்டது, வேலைக்குக் கூப்பிட்ட மச்சான் மாதிரி. பிரேக் கட்டை உரசுகிறதோ? பிரேக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றினேன். அதேதான். கோட்டமா? ரிம் எங்கேயும் ஆடவில்லை. அப்படியென்றால் கோளாறு அச்சில்தான். என் முழங்காலில் இல்லை, அச்சில்! சந்தோஷத்தில் இரண்டு கிண்ணம் வெல்லத் தண்ணீர் குடித்தேன்.

ஆகஸ்ட் 1

மெக்கானிக் தார்சிசியோ, அச்சு முனையில் இருக்கும் கோன் நட்டு இறுகியிருக்கும் என்று தளர்த்திப் பார்த்தான். பயனில்லை. முழுவதும் கழற்றினான். அச்சைச் சுற்றி ஏதோ கறுப்பாக அடைத்துக்கொண்டிருந்தது. குறட்டால் இழுத்தான். நூல் வந்தது, நூலோடு ஒரு துணித்துண்டு, கிரீஸுக்கு நடுவே ஒரு முகம். கார்மேல் மாதா உத்தரியம், நூலில் கோத்துக் கழுத்தில் போடுகிற மந்திரித்த துணிப்படம்!

தார்சிசியோ குறட்டைக் கீழே போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். "மிச்சத்தை நான் வெட்ட மாட்டேன் அக்கா. நானும் தினம் அந்த இறக்கத்துல போறவன்."

ஜூலை பதினாறு மாதா திருவிழாவில் வண்டிகளை மந்திரிக்கும்போது லாரிக்காரர்கள் கண்ணாடியில் உத்தரியம் தொங்கவிடுவார்கள். என் சைக்கிளில் கண்ணாடி இல்லை. அதனால் எவரோ ஒரு பக்திமான் அச்சோரம் ஃபோர்க்கில் கட்டியிருக்கிறார். சக்கரம் அதை உள்ளே இழுத்துச் சுருட்டிக்கொண்டுவிட்டது.

நானே வெட்டினேன். "தாயே, கோவிச்சுக்காதீங்க. நீங்க உக்காந்த இடம் சரியில்ல" என்று சொல்லிவிட்டுத்தான். இப்போது சக்கரம் ஒரு தட்டு தட்டினால் நிற்கவே மாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 2

பக்திமான் வேறு யார், என் வீட்டுக்காரர்தான். கேட்டேன். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார்.

"கட்டுனது நான்தான். உள்ள சிக்குனதையும் பார்த்தேன். மாதாவே மெதுவா போகச் சொல்றாங்கன்னு விட்டுட்டேன்."

தெரிஞ்சே! தெரிஞ்சுக்கிட்டேதான் என்னை வயசான மாடுன்னு சொன்னீங்களா? நான் ராத்திரியெல்லாம் முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சேனே, பக்கத்துலதானே படுத்திருந்தீங்க?

"அந்த வளைவெல்லாம் சரளைக் கல்லு. நீங்க இறங்குறதை லாரியில பின்னாடி வந்து பார்த்தேன். அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல" என்றார்.

'எனக்குப் பயமாயிருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா அந்த மனுஷனுக்கு?

ஆகஸ்ட் 4

பேசவில்லை.

ஆகஸ்ட் 7

பேசவில்லை. எதிர் வீட்டு நாயிடம் பேசினேன், அவர் காதில் விழும்படி.

ஆகஸ்ட் 9

"நாளைக்கு உத்தரியம் இல்லாமயா போறீங்க?" என்று கேட்டார்.

"சட்டைப் பையில வச்சுக்கிறேன். சக்கரத்துப் பக்கம் கை வந்தா, ஃபாதர் கட்டி வச்ச கல்யாணத்தை வக்கீல் பிரிச்சு வைப்பாரு."

தலையை ஆட்டினார். விடிவதற்கு முன்பே லாரியைக் கிளப்ப வேண்டும் என்று சொல்லிச் சீக்கிரம் படுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எந்த மாடு பால் கொடுக்கக் காத்திருக்கிறதோ.

ஆகஸ்ட் 10

உச்சியைத் தொட்டபோது நான் ஐந்தாவது. எதில்மா எனக்கு முன்னால், எட்டிப் பிடிக்கிற தூரத்தில். இறக்கம். முதல் வளைவில் வழக்கம்போல பிரேக்கில் விரல் வைத்தேன். சாலையில் ஒரு கல் இல்லை. இரண்டாவது வளைவிலும் இல்லை, சரளை முழுக்க ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. மூன்றாவதில் எதில்மா பழக்கதோஷத்தில் பிரேக் பிடித்தாள். நான் பிடிக்கவில்லை.

நான்காவது!

வீட்டுக்கு வந்தால் அபெலார்தோ நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருக்கிறார். பூட்ஸெல்லாம் புழுதி. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். வாசலில் நிற்கும் லாரிக்குள் எங்கள் முற்றத்துத் துடைப்பம், பாதி தேய்ந்து கிடக்கிறது.

எழுப்பவில்லை. பூட்ஸை மட்டும் கழற்றிவிட்டேன்.