நான் வெட்டிய முட்பற்றை

லா சப்பல், பாரிஸ்,
பங்குனி 1988

அருமை மச்சான் தவம்,

எங்கே இருந்தாலும் சுகமாக இரு. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்த மனிதனோடு சண்டை பிடிக்கக் கூடாது என்கிறாள் உன் தங்கச்சி வசந்தி. அப்படியென்றால், உயிரோடு இருந்தபோது தொடங்கிய சண்டையை முடிக்காமல் நீ ஏன் போனாய்? நாலு பேர் படித்து யாரில் பிழை என்று சொல்லட்டும் என்றுதான் இதைச் சஞ்சிகைக்கே கொடுக்கிறேன்.

பல் பிடுங்கப் போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாயா? வன்னியில் மான் வேட்டைக்குப் போனவன் என்று அளந்து விட்டாய். அந்தப் பல் வைத்தியர் பாரிசுக்கு வடக்கே ஒரு சின்னக் காடு வாங்கி வைத்திருந்தார். வேட்டையாட ஆசை, காட்டில் மான் இல்லை. மானை நான் வரவைக்கிறேன் என்று ஏற்றுக்கொண்டு, அன்று தொடக்கம் ஞாயிறுதோறும் நீ கார் து நோர் ஸ்டேசனில் ரயிலேறினாய். மான் எங்கே படுக்கும், எங்கே தண்ணீர் குடிக்கும், மாரிக் குளிரில் பச்சை எங்கே மிஞ்சும் என்று தடியோடு நடந்து நடந்து பார்த்தாய். எனக்கு ஒழுங்காக ஒன்றும் சொல்லவில்லை. நான் சைவக்காரன், எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டாய்.

பிறகு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "நேசன், நான் வரும் மட்டும் அந்தக் காட்டை ஒருக்காப் பாத்துக்கொள்" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

நான் யார்? யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் பிள்ளை. வெங்காயப் பாத்தியில் ஒரு கோரைப்புல் நின்றால் ஊர் சிரிக்கும் என்று வளர்ந்தவன். காணியைப் பார்ப்பது எனக்கு வேறு எப்படித் தெரியும்? மூன்று ஞாயிறு, கை கிழியக் கிழிய, ஓடைக்கரையில் புதராய் மண்டிக் கிடந்த முட்பற்றை முழுவதையும் கிளப்பி எரித்தேன். பல் வைத்தியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சந்தோசமாக வந்து உனக்குச் சொன்னேன். நீ கட்டிலில் எழும்பி உட்கார்ந்துவிட்டாய்.

"டேய் விசரா! மாரிக்கு மான் தின்னுறதே அந்த முள்ளிலைதான். குட்டி படுக்கிறதும் அதுக்குள்ளைதான். மான் என்ன கத்தரிக்கண்டே, பாத்தி கட்டி வளக்க?"

பக்கத்துக் கட்டில் பிரெஞ்சுக் கிழவர் பயந்தே போனார். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். நாலு நாள் வந்தேன். நாலு நாளும் உன் முதுகைத்தான் பார்த்தேன். ஐந்தாம் நாள் கட்டில் வெறுமையாக இருந்தது.

சொல்லாமல் விட்டது நீ, ஏச்சு வாங்கியது நான். இது என்ன நியாயம்?

உன் ஞாயிறுகள் என் தலையில் விழுந்தன. இரண்டு வருடமாக அந்த மனிதரோடு மல்லுக்கட்டுகிறேன். நான் ஆக்கி வைத்த மொட்டைத் தரை அவருக்குப் பிடித்துப் போயிற்று. முளைக்க முளைக்க வெட்டு என்கிறார். வெட்டினவனே வந்து வெட்டாதே என்று அரைகுறைப் பிரெஞ்சில் கெஞ்சினால் எந்த மனிதன் நம்புவான்?

போன ஞாயிறு போனேன். சாட்டுச் சொல்லிச் சொல்லி நான் வெட்டாமல் விட்ட முள் என் இடுப்பளவு நின்றது. கொழுந்தெல்லாம் கடிபட்டிருந்தது. முயல் கடித்தால் கத்தியால் சீவினது போலிருக்கும், மானுக்கு மேல்வாயில் முன்பல் இல்லை, அது பிய்த்துத்தான் தின்னும் என்று நீ ஒருநாள் சாப்பாட்டில் சொன்னாய். நான் ரசத்தில் கவனமாக இருந்தாலும் காதில் விழுந்திருந்தது. கொழுந்துகள் நார்நாராகப் பிய்ந்திருந்தன. பக்கத்தில் புல் அமுங்கி, படுத்தெழும்பின இடம் இரண்டு. முழங்காலில் நின்று அழுதுவிட்டேன் மச்சான். பிறகு ஒரு பல் வைத்தியருக்கு நான் பல்லைப் பற்றிப் பாடம் எடுத்தேன்.

இப்போது புதுத் தலையிடி. இந்த நாட்டில் மான் சுடவும் பிரிபெக்தூர் கந்தோரில் அனுமதிக் கடதாசி எடுக்க வேண்டுமாம். விசாவுக்கு வரிசையில் நிற்கும் எங்களைப் போல அதுவும் அங்கேதான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. எத்தனை மான் என்று எழுதிக் கேட்க வேண்டும். அவருக்கு மூன்றில் ஆசை. ஆனாலும் பேனாவை என்னிடம் நீட்டி, "காட்டைத் தெரிந்தவன் நீ, நீயே சொல்" என்கிறார். எறும்பைக்கூட மிதிக்காத தாய்க்குப் பிறந்த நான் இதற்குக் கணக்குச் சொல்வதா? நீ என்ன சொல்லியிருப்பாய்?

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொன்னால் அவர் சலித்துப்போய் முள்ளை வெட்டிவிடுவார். ஒன்று என்றேன். கிடாய் மட்டும். பதிலுக்கு ஓடைக்கரை முள்ளில் கை வைப்பதில்லை என்று வாக்கு வாங்கினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதினார். சரியாகத்தான் சொன்னேனா?

வீட்டுக்கு வந்ததும் வசந்தி, "அண்ணைக்கு ஒரு பங்கு கேட்டனீங்களே?" என்றாள். நீ போன எட்டாம் நாள், உன் எட்டுச் செலவுப் படையலுக்கு மான் இறைச்சி தேடி அலைந்து, கிடைக்காமல் கோழி படைத்தவள் அல்லவா? ஓம், கேட்டேன். ஒரு தொடை தருகிறாராம்.

வருகிற மார்கழியில், உன் திவசம் மரக்கறியோடு முடிந்த மறுநாள், அதை நானே சமைத்துப் படைப்பேன். ஒரு முட்டைகூட உடைத்தறியாத இந்தக் கையால், வசந்தியை அடுப்படிக்கு விடாமல். படையலை முன்கூட்டி ருசி பார்க்கக் கூடாது. உப்புக் கூடினதா, குறைந்ததா என்று நீதான் முதலில் சொல்ல வேண்டும். பிழையென்றால் சுவர்ப்பக்கம் திரும்பிவிடாதே. என் முகத்தைப் பார்த்து வாய் நிறைய ஏசு.

உன் தங்கச்சியின் மனுசன்,
முள்ளை வெட்டின விசரன்,
நேசன்