விளிம்புவரை ஊற்றிய கிண்ணம்

மதிப்புக்குரிய அம்மாவுக்கு மகள் பெர்மெத் எழுதுவது. இந்தக் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்குக் கொஞ்சம் இருமல், வேறொன்றுமில்லை.

நான் போட வந்திருக்கும் குடிநீர்க் குழாயை எங்கே வைப்பதென்று முடிவெடுக்க நேற்று ஊரைக் கூட்டினேன். ஆண்கள் பேசினார்கள். மாமனார் முன்னால் வாய் திறக்காத மருமகள்கள் வாசலோரம் உட்கார்ந்து தேநீர் ஊற்றினார்கள். ஆண்கள் கூடும் தேநீர்க்கடை வாசலிலேயே வைக்கலாம் என்றார் பெரியவர் எர்காஷ்.

உடனே அவருடைய மருமகள் நஸ்குல் அவர் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி நீட்டினாள். நம் ஊரைப் போல இங்கும் அரைக்கிண்ணம்தான் மரியாதை, இன்னும் இரு என்று பொருள்; நிரப்பிக் கொடுத்தால் எழுந்து போ என்று பொருள்.

"என்னம்மா, என்னையே போகச் சொல்றியா?"

அவள் தலை நிமிரவில்லை. "ஆமா மாமா. ஆத்துலேர்ந்து நம்ம வீடு இருக்கிற மேட்டுக்கு ரெண்டு வாளி தண்ணி தூக்கிட்டு வாங்க. அப்புறம் சொல்லுங்க."

அவர் போனார். வெகுநேரம் கழித்து மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "மேட்டுலயே வைங்க" என்று மட்டும் சொன்னார்.

கம்பளிக் காலுறையும் கொஞ்சம் உலர்தயிரும் அனுப்புங்கள். இங்கே விற்பதில் நம் வீட்டு உப்பு இல்லை. கடிதம் கொண்டுவரும் வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார். வசந்தத்தில் வருவேன். எனக்கு அரைக்கிண்ணமே ஊற்றுங்கள், அம்மா.

பெர்மெத்